விருந்தாளிக்காக நீளும் மேஜை

அன்றாடம் நால்வர் சாப்பிடும் மேஜை. உறவினர் வந்து இறங்கினால் அதே மேஜையில் எட்டுப் பேர். 1950களிலும் 60களிலும் டென்மார்க்கின் தச்சுப் பட்டறைகள் தேக்கில் செய்து குவித்த சாப்பாட்டு மேஜையின் சூட்சுமம் இவ்வளவுதான். இன்று சேகரிப்பாளர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். ஆனால் அவர்கள் காசு கொடுப்பது மரத்துக்கா, மூளைக்கா?

மூளை எளிமையானது. மேல்பலகைக்கு அடியில் இரு துணைப் பலகைகள் ஒளிந்திருக்கும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் சரிவான சட்டங்களின் மேல் வழுக்கியபடி உயர்ந்து, மேல்பலகைக்குச் சமமாக வந்து நிற்கும். ஸ்பிரிங் கிடையாது, சரிவும் எடையும்தான் வேலை செய்கின்றன. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலேயே இருந்த உத்தி இது. டேனிஷ்காரர்கள் செய்தது, அலங்காரத்தைக் கழித்துவிட்டு அதைச் சின்ன வீடுகளுக்கு ஏற்றதாக்கியது. 1924இல் கோபன்ஹேகன் கலைக் கழகத்தில் மரச்சாமான் வடிவமைப்புத் துறையைத் தொடங்கிய கோரெ கிளிண்ட், வரைவதற்கு முன் மனித உடலை அளக்கச் சொன்னவர். அந்தப் பழக்கம் சீடர்களிடம் நிலைத்தது.

மரத்தின் கதை வேறு. தேக்கு டென்மார்க்கில் வளர்வதில்லை. ஆசியக் காடுகளிலிருந்து கப்பலேறிப் போனது. அவர்கள் சொல்லும் 'டீக்' என்ற பெயரே மலையாளக் கரையிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகப் போனதுதான். செலவைக் குறைக்க, பல மேஜைகளில் உள்ளே மலிவான பலகையை வைத்து, மேலே தேக்கை மெல்லிய தோலாக ஒட்டினார்கள். தேய்த்துப் பளபளப்பாக்க நினைத்து உப்புத்தாளைக் கொஞ்சம் அழுத்தினாலும் உள்ளே இருப்பது பல்லிளித்துவிடும்.

அந்தக் காடுகளும் இன்று பழையபடி இல்லை. தாய்லாந்து 1989இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடை விதித்தது. மியான்மர் 2014இல் முழு மரங்களின் ஏற்றுமதியை நிறுத்தியது. இதே மேஜைகளின் விலை உயர்ந்த ரகத்துக்குப் பயன்பட்ட பிரேசில் ரோஸ்வுட், 1992 முதல் சர்வதேச வணிகத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. பழைய மேஜையைப் பழுது பார்த்துப் பயன்படுத்துவது புண்ணியம். அதைப் பார்த்து ஆசைப்பட்டு, புதிதாக ஒரு மரத்தைச் சாய்ப்பது புண்ணியமல்ல.

அதற்கு அவசியமும் இல்லை. 1942 முதல் டென்மார்க் கூட்டுறவுச் சங்கங்களின் மரச்சாமான் வடிவமைப்புப் பிரிவை நடத்திய பெர்கெ மொகென்சன், சாதாரணக் குடும்பங்களுக்காக ஓக், பீச் போன்ற உள்ளூர் மரங்களிலேயே வேலை செய்தார். சரிவான சட்டத்துக்குத் தேக்கு என்றும் தெரியாது, பீச் என்றும் தெரியாது. கை தேர்ந்த எந்தத் தச்சரும், கிடைக்கிற எந்த நல்ல மரத்திலும் அதைச் செய்யலாம்.

பழைய மேஜைகளில் ஒரு வேடிக்கை உண்டு. மேல்பலகை அரை நூற்றாண்டு வெளிச்சத்தில் நிறம் மாறியிருக்கும். துணைப் பலகைகள் இருட்டில் கிடந்ததால் ஏறக்குறைய முதல்நாள் நிறத்திலேயே இருக்கும். இரண்டுக்கும் நிறம் பொருந்தவில்லை என்று வாங்குபவர் பேரம் பேசுவார். அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் அதிகம் வரவில்லை என்பதும் அதற்கு அர்த்தமாக இருக்கலாம்.