மாலை போட்ட மறுநாள்

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாட்களில் ஊவாவின் தோட்டப்புறச் சந்திகளைக் கடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணாமல் இருக்க முடியாது. பசறையிலும் ஹாலி-எலயிலும் மடுல்சீமையிலும் பாடசாலை வாயில்களில் பதாகைகள் எழும். கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா நடைபெறும். பொன்னாடை, மாலை, இரண்டு அல்லது மூன்று அரசியல்வாதிகளின் நீண்ட உரை. மாணவனின் தாயார் அன்றைய பேரை இழந்து, கூடையை லயத்து வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருப்பார். மறுநாள் பத்திரிகையில் படமும் வரும். பத்திரிகைத் தொழிலில் கழித்த இத்தனை ஆண்டுகளில் இத்தகைய செய்திகள் எத்தனையோ என் மேசையைக் கடந்து போயின. ஆனால் மாலை அணிந்த அந்த மாணவன் முதலாம் ஆண்டின் முடிவில் எங்கே நிற்கிறான் என்று சொல்லும் செய்தியொன்றை எந்தப் பத்திரிகையிலும் வாசித்ததாக எனக்கு நினைவில்லை.

இப்பத்தி அந்த முதலாம் ஆண்டைப் பற்றியது.

பதுளை நகரிலிருந்து பசறை வீதியில் சென்றால் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வருகிறது. 2005 ஆம் ஆண்டு ஜூன் மாதம் நிறுவப்பட்டு, மறு ஆண்டு முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட நிறுவனம். வெல்லஸ்ஸ என்றால் இலட்சம் வயல்கள் என்று சிங்களத்தில் பொருள். நாட்டின் இயற்கை வளங்களுக்குப் பெறுமதி சேர்க்கும் கல்வி என்பதே இதன் அடிப்படைக் கொள்கை. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே இங்கு தனிப் பட்டப்படிப்பு உண்டு. வளாகத்தைச் சூழ்ந்த மலைகளில் கொழுந்து பறிக்கப்படுகிறது. வளாகத்தினுள் அதே கொழுந்தை வாடவைப்பது, அரைப்பது, நொதிக்கவைப்பது, உலர்த்துவது பற்றி ஆங்கிலத்தில் விரிவுரை நடக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் பிள்ளை அந்த விரிவுரை மண்டபத்தில் அமர்ந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று வெளியூர் வாசகர் நினைக்கலாம்.

நடைமுறை வேறு. ஊவா வெல்லஸ்ஸவில் கலைப்பீடம் கிடையாது. தோட்டப்புறத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் உயர்தரம் வரை ஏறிவரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கலைப்பிரிவில் கற்பவர்கள். அவர்கள் கலைப்பிரிவைத் தெரிவு செய்தார்கள் என்று எழுதுவதுகூடச் சரியில்லை. பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலையில் எதைத் தெரிவு செய்வது? 1945 இன் இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை எட்டிப் பார்க்கவில்லை. 1970 களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. முப்பது ஆண்டுத் தாமதத்தின் விளைவை ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைக் கட்டிடங்களில் இன்றும் காணலாம். ஆக, பசறை வீதியோரத்துத் தோட்டத்து மாணவி பல்கலைக்கழக வாயிலைப் பஸ்ஸின் யன்னலூடாகப் பார்த்துக்கொண்டே கடந்து, பேராதனைக்கோ வந்தாறுமூலைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ செல்ல வேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில் சிலருக்கு உவப்பில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் ஒதுக்கப்படுவது நீண்டகால நடைமுறை. பதுளை அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. இந்தச் சலுகையைக் குறிவைத்து வெளிமாவட்டத்துப் பிள்ளைகளை மலையகப் பாடசாலைகளில் பதிந்து பரீட்சைக்கு அமர்த்துகிறார்கள் என்ற முறைப்பாடு பல ஆண்டுகளாக எழுந்துவருகிறது. வடக்கிலும் கொழும்பிலும் உள்ள நண்பர்கள் இதை எழுதினால் கோபிக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விஞ்ஞானப் பிரிவில் அப்படிப் போகும் ஒவ்வோர் இடமும் லயத்து விளக்கின் கீழ் படித்த ஒரு பிள்ளைக்குரிய இடம்.

சரி, இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது பயணம்.

தோட்டத்து மாணவனின் பயணம் பஸ் நிலையத்தில் தொடங்குவதில்லை. டிவிசனிலிருந்து பிரதான வீதி வரை நடக்க வேண்டும். மழையென்றால் முச்சக்கரவண்டி பிடிக்க வேண்டும். அந்த வண்டிக்குக் கொடுக்கும் பணம் சில தோட்டங்களில் பதுளைக்கான பஸ் கட்டணத்தை விஞ்சிவிடும். மாணவியாயின் இரவு பஸ்ஸில் தனியே அனுப்பத் தயங்கும் பெற்றோர் கூடவே செல்வர். செலவு இரட்டிப்பாகும், தகப்பனாருக்கு இரண்டு நாள் பேர் போகும். வீதிகளின் நிலையை நான் விவரிக்கத் தேவையில்லை. 2021 மார்ச் 20 ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13 ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டதை ஊவா மக்கள் மறக்கவில்லை. ரயில் இருக்கிறதே என்பீர்கள். 1924 இல் பதுளையை எட்டிய அந்தப் பாதை கொழும்பிலிருந்து 292 கிலோமீற்றர் நீளமானது. அழகிலும் குறைவில்லை, அந்த அழகே இப்போது வினையாகிவிட்டது. ஒன்பது வளைவுப் பாலத்தைப் படமெடுக்க வரும் உல்லாசப் பிரயாணிகள் வாயிற்படியில் தொங்க, புத்தகப் பையும் அரிசிப் பொட்டலமுமாக ஏறிய மாணவன் கழிப்பறைக் கதவோரம் நின்றுகொண்டே செல்கிறான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் பதுளை மாவட்டத்தையும் மலையக ரயில் பாதையையும் சிதைத்தபோது அந்த நிற்கும் இடமும் இல்லாமற் போயிற்று.

பயணத்தோடு ஒட்டிய இன்னொரு விடயம் உழைப்பு. ஊவாவிலிருந்து கொழும்புக்குச் செல்லும் இரவு பஸ்ஸில் இரண்டு வகை இளைஞர்கள் அருகருகே அமர்ந்திருப்பர். ஒருவன் புறக்கோட்டைக் கடைக்கு மூட்டை சுமக்கச் செல்பவன். மற்றவன் பல்கலைக்கழக மாணவன். விடுமுறை வந்தால் இந்த வேறுபாடும் மறைந்துவிடும். இருவரும் ஒரே கடைக்குச் செல்வர். சிலர் எல்லவின் உல்லாச விடுதிகளில் தட்டுக் கழுவியும் மேசை துடைத்தும் அடுத்த தவணைக்குப் பணம் சேர்க்கின்றனர். இதில் இழிவு எதுவும் இல்லை. உலகெங்கும் மாணவர்கள் உழைத்தே படிக்கின்றனர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் வாசகர்கள் இதை நன்கு அறிவார்கள். கணக்கு மட்டும் இங்கே உதைக்கிறது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. 2025 வரவு செலவுத் திட்டம் மஹாபொல புலமைப்பரிசிலை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தியது. அதாவது, உயர்த்திய பின்னரும் அது அன்றைய அடிப்படைச் சம்பளத்தில் தாயாரின் ஐந்தரை நாள் உழைப்புக்கு ஈடான தொகையாகவே இருந்தது. அதைக்கொண்டு ஒரு மாதம் சாப்பிட்டு, பிரதி எடுத்து, பயணமும் செய்ய வேண்டியிருந்தது. மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் தொழிற்பயிற்சிக்கென்று கொழும்பு நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அறை வாடகைக்கு முற்பணம் யார் கொடுப்பது?

இனி விளையாட்டு. பிள்ளைக்குச் சோற்றுக்கு வழியில்லை என்கிறீர், விளையாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. மலையகத்தின் பிரச்சினையைப் பேசும்போது சோற்றோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் நமக்குள் ஊறிப்போய்விட்டது. அந்தப் பழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

ஹொக்கியை எடுத்துக்கொள்வோம். கிரிக்கெட் அணியில் இடம்பிடிக்கப் பெரிய கல்லூரிகளில் ஆடி வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஹொக்கி அப்படியில்லை. மாத்தளை போன்ற சில ஊர்களுக்கு வெளியே பாடசாலைகளில் அது பரவலாக ஆடப்படுவதில்லை. எனவே பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே முதன்முதலாக மட்டையைத் தொடுபவர்களுக்கும் அணியில் இடமுண்டு. (இடக்கைப் பழக்கம் உள்ளவர்களும் வலக்கை மட்டையால்தான் ஆட வேண்டும் என்பது இவ்விளையாட்டின் விதி, எல்லோரையும் தொடக்கத்தில் தடுமாற வைப்பதில் ஒரு சமத்துவம் இருக்கிறது.) தோட்டத்துப் பிள்ளைக்கு இது கதவு திறக்கும் இடம். சிங்கள நண்பர்கள் மைதானத்தில்தான் கிடைக்கிறார்கள். வகுப்பில் வாய் திறக்கக் கூசும் பிள்ளை, பந்தைக் கேட்டுக் கத்துவதற்கு எந்த மொழியிலும் கூசுவதில்லை. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் ஆடியவர் என்ற ஒரு வரி, பின்னாளில் நேர்முகப் பரீட்சையில் சான்றிதழ்களுக்கு இணையாகப் பேசும்.

ஆனால் 91.4 மீற்றர் நீளமும் 55 மீற்றர் அகலமும் கொண்ட சமதரையை ஊவாத் தோட்டமொன்றில் எங்கே தேடுவது? தோட்டத்தில் சமமான நிலமென்பது ஸ்டோர் முற்றமும் துரை பங்களாவின் புற்றரையும்தான். எஞ்சியதெல்லாம் சரிவு. கீழ்மலைத் தேயிலைக்குள் பந்தை அடித்தவனே இறங்கிப் போய் எடுத்துவர வேண்டும் என்ற சட்டத்தோடு கிரிக்கெட் ஆடி வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். 1976 மொன்றியல் ஒலிம்பிக்குக்குப் பின்னர் சர்வதேச ஹொக்கி செயற்கைப் புற்றரைக்கு மாறிவிட்டது. கொழும்பிலும் மாத்தளையிலும் அத்தகைய தரை உண்டு. பதுளைப் பக்கத்துப் பிள்ளைக்கு அது இன்னொரு பயணம், இன்னொரு செலவு.

முடியாத காரியம் என்று எண்ண வேண்டாம். கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் பெயர்பெற்ற கோவில்பட்டியைப் பாருங்கள். மலையகத்தவர் பலரின் முன்னோர் கப்பலேறிய அதே தென்தமிழ்ச் சீமை. கரிசல் மண்ணில் ஹொக்கி வேரூன்றி, அகில இந்தியப் போட்டிகள் நடந்து, அரசு பயிற்சி விடுதியும் செயற்கைத் தரையும் அமைத்தன் பயனாக, அங்கு பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கிண்ணப் போட்டிக்கான இந்திய அணியில் இடம்பெற்றனர். இருவரும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள்.

ஊவாத் தோட்டமொன்றிலிருந்து சென்று தூரத்துப் பல்கலைக்கழகமொன்றின் ஹொக்கி அணியில் ஆடிய மாணவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டில் விலகிவிட்டாராம். ஏன் தம்பி என்றேன். “லீவுல கடைக்குப் போனா சம்பளம் ஐயா. நின்னு பிரக்டிஸ் பண்ணா டீம். ரெண்டுல ஒன்னுதானே முடியும்” என்றார். குரலில் மனக்குறை எதுவும் தெரியவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பயிற்சியும் உழைப்பும் ஒரே விடுமுறையில் வந்து மோதுகின்றன. வீட்டில் பணமுள்ள பிள்ளைக்கு அந்த மோதல் நேர்வதேயில்லை.

தொழில்நுட்பம் இந்த இடைவெளியை மூடிவிடும் என்று சிலர் மேடைகளில் பேசுகின்றனர். 2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் இணையத்துக்கு மாறியபோது, லேர்ன் எனப்படும் கல்வி ஆய்வு வலையமைப்பினூடாக மாணவர்கள் கட்டணமின்றி இணைய வழி செய்யப்பட்டது. பாராட்டத்தக்க ஏற்பாடு. அலைவரிசை எட்டாத மடுவத்தில் கட்டணம் இல்லாமை எதற்கு உதவும்? 2021 இல் லுணுகலைப் பகுதிச் சிறுவர்கள் காட்டுக்குள் மரத்தின் மீது கட்டிய குடிலில் ஏறிப் பாடம் கேட்ட படங்களை உலகச் செய்தி நிறுவனங்கள் வெளியிட்டன. உலகம் அவற்றை வியந்து பார்த்தது. 2022 இல் எரிபொருள் நெருக்கடி வந்து விரிவுரைகள் மறுபடியும் இணையத்துக்குச் சென்றபோதும் பல தோட்டங்களில் நிலைமை மாறியிருக்கவில்லை. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது. அதன் மாதக் கட்டணம் லயத்துக்காரருக்குரியதன்று.

இன்று விரிவுரைக் குறிப்பு, ஒப்படை, வரவு, பெறுபேறு யாவும் கணினித் திரையில். மடிக்கணினி இல்லாத மாணவன் கைத்தொலைபேசியின் சிறு திரையிலேயே பத்துப் பக்க ஒப்படையைத் தட்டெழுதுகிறான். ஒன்றை மட்டும் மகிழ்ச்சியோடு சொல்லலாம்: ஆங்கில விரிவுரையில் புரியாததைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் தனிமையில், வெட்கமின்றிக் கேட்டுத் தெளிந்துகொள்கிறார்கள். அப்படியே பிரதி செய்து கொடுப்பவர்களும் உண்டு என்று விரிவுரையாளர்கள் முறையிடுகின்றனர். அது வசதியுள்ள பிள்ளைகளும் செய்வதுதான்.

விஞ்ஞான ஆசிரியர் நியமனம், ஆய்வுகூடம், வீதி ஆகியவை அரசு செய்யவேண்டியவை; கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். நம்மால் இயலுவது ஒன்றுண்டு. பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாட்டு நண்பர்களும் கோயில் மண்டப விழாவுக்குச் செலவிடும் பணத்தை, விடுமுறை உதவித்தொகையாக மாற்றலாம். புறக்கோட்டைக் கடை கொடுக்கும் சம்பளத்தை அந்த வாரங்களுக்குச் சங்கமே கொடுக்கட்டும். மாணவன் பயிற்சிக்கோ நூலகத்துக்கோ தொழிற்பயிற்சிக்கோ போகட்டும். ஒரு தோட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள்தான் தெரிவாகின்றனர். தாங்க முடியாத தொகை இல்லை.

விழா வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அதை இரண்டாம் ஆண்டின் முடிவுக்குத் தள்ளிவையுங்கள். அன்றைக்கு ஒலிவாங்கியை முதலில் அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். வழமையாக அவர்களுக்குக் கிடைப்பது நன்றியுரைதான், அதுவும் பிரதம அதிதியின் வாகனம் புறப்பட்டுச் சென்ற பின்னர்.