குரோமில் முடங்கிய விளம்பரத் தடுப்பான்: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் என்ன பாதிப்பு?

டி.என்.பி.எஸ்.சி. ஹால் டிக்கெட், பிளஸ் டூ ரிசல்ட், கல்லூரி விண்ணப்பம் என்றால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பிரவுசிங் சென்டர்களில் கூட்டம் நிற்கும். அரசுத் தளம் திணறினால் அடுத்ததாக ஏதாவது ஒரு தனியார் தளத்தைத் திறக்க வேண்டியிருக்கும். அங்கே ‘டவுன்லோடு’ என்று மூன்று பச்சைப் பொத்தான்கள் கண்ணைச் சிமிட்டும். அதில் ஒன்றுதான் நிஜம், மற்ற இரண்டும் விளம்பரம். தெரியாமல் அழுத்தினால் கம்ப்யூட்டரில் என்ன வந்து உட்காரும் என்று சொல்ல முடியாது.

இந்தத் தொல்லைக்காகவே விவரம் தெரிந்தவர்கள் குரோம் பிரவுசரில் ‘யுபிளாக் ஆரிஜின்’ என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டு வைத்திருந்தார்கள். கனடாவைச் சேர்ந்த ரேமண்ட் ஹில் உருவாக்கிய இலவச மென்பொருள் அது. நன்கொடைகூட வாங்குவதில்லை. அதைத்தான் இப்போது குரோம் ஏற்பதில்லை. 2024 ஜூனில் எச்சரிக்கை காட்டத் தொடங்கினார்கள். அக்டோபரில் ஒவ்வொருவருக்காக அணைத்தார்கள். 2025 ஜூலைக்குப் பிறகு வந்த குரோம் பதிப்புகளில் அதை மறுபடி இயக்க வழியே இல்லை.

என்ன மாறியது?

எக்ஸ்டென்ஷன்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு கூகுள் வைத்திருக்கும் விதிமுறைக்குப் பெயர் ‘மேனிஃபெஸ்ட்’. இதுவரை இருந்தது இரண்டாம் பதிப்பு. 2018 இறுதியில் அறிவிக்கப்பட்ட மூன்றாம் பதிப்புதான் இப்போது கட்டாயமாகியிருக்கிறது.

களியக்காவிளை செக்போஸ்ட்டை நினைத்துக்கொண்டால் விஷயம் எளிது. பழைய முறையில், வரும் ஒவ்வொரு வண்டியையும் தடுப்பானே நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, விடலாமா வேண்டாமா என்று அந்த இடத்திலேயே முடிவு செய்யும். புதிய முறையில் தடுப்பானுக்குச் செக்போஸ்ட்டில் இடமில்லை. தடுக்க வேண்டிய வண்டி எண்களை முன்கூட்டியே பட்டியலாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். நிறுத்துகிற வேலையை குரோமே பார்த்துக்கொள்ளும். பட்டியலின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. முதலில் 30,000 விதிகள் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் வரம்பை உயர்த்தினார்கள்.

வரம்பைவிட வேகம்தான் இங்கே பெரிய பிரச்சினை. விளம்பரம் காட்டுகிறவர்கள் நாளுக்கொரு நம்பர் பிளேட் மாற்றினால், பட்டியலைப் புதுப்பிப்பதற்குள் வண்டி போய்விடும். யூடியூப் விஷயத்தில் இந்த ஓட்டப்பந்தயம் நிற்பதே இல்லை.

கூகுள் சொல்லும் காரணம் பாதுகாப்பு. பழைய முறையில் எக்ஸ்டென்ஷன் ஒன்று நீங்கள் பார்க்கும் பக்கம் அனைத்தையும் படிக்க முடியும், வங்கிப் பக்கம் உட்பட. இதை வெறும் சாக்கு என்று தள்ள முடியாது. 2018-ல் குரோம் ஸ்டோரில் ஐந்து போலி விளம்பரத் தடுப்பான்கள் பிடிபட்டன. அவற்றை 2 கோடிக்கும் மேற்பட்டோர் நிறுவியிருந்தார்கள்.

ஆனால் ஒரு இடத்தில் கணக்கு உதைக்கிறது. மூன்றாம் பதிப்பிலும், பயனர் அனுமதி கொடுத்தால், எக்ஸ்டென்ஷனால் போக்குவரத்தை வேடிக்கை பார்க்க முடியும். அந்த இடத்திலேயே தடுக்கும் அதிகாரம்தான் பறிபோயிருக்கிறது. உளவு பார்ப்பவனுக்குப் பெரிய நஷ்டமில்லை, காவல்காரனுக்குத்தான் வேலை போச்சு. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 2024 வருமானம் சுமார் 35,000 கோடி டாலர். அதில் சுமார் 26,460 கோடி டாலர் விளம்பரத்தில் இருந்து வந்தது. செக்போஸ்ட் நடத்துபவரே லாரி முதலாளியாகவும் இருந்தால் ஜனங்கள் சந்தேகப்படத்தானே செய்வார்கள்?

போனில் என்ன நிலை?

குளச்சலில் காற்று நிலவரம் பார்ப்பவரும், குலசேகரத்தில் ரப்பர் விலை பார்ப்பவரும் கையில் வைத்திருப்பது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போன். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போடும் வசதி ஒருநாளும் இருந்ததில்லை. அவர்களைப் பொறுத்தவரை புதிதாக எதுவும் பறிபோகவில்லை, கொடுக்கவே இல்லை என்பதுதான் சரி.

இதில் மறந்துபோன ஒரு கதை உண்டு. 2016-ல் பேஜ்ஃபேர் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி இந்தியாவில் 12.2 கோடிப் பேர் போனில் விளம்பரத்தைத் தடுத்தார்கள். சீனாவுக்கு அடுத்து இந்தியாதான். காரணம் கொள்கை அல்ல, காசு. டேட்டா விலை கூடுதலாக இருந்த காலத்தில் விளம்பரத்துக்கு யார் டேட்டா செலவழிப்பார்கள்? தடுப்பான் உள்ளேயே இருந்த யுசி பிரவுசர் அப்படித்தான் எல்லார் போனிலும் புகுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் யுசியும் போனது. மிச்சம் இருந்தது போனோடு வந்த குரோம்.

இப்படிச் சொந்தச் செயலிகளைப் போனில் முன்கூட்டியே போட்டு அனுப்ப வைப்பது உள்ளிட்ட நடைமுறைகளுக்காகத்தான் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அபராதத்தை உறுதி செய்தது.

இன்று டேட்டா மலிவு. ஆனால் விளம்பரம் வழியாக வரும் மோசடி மலிந்துவிட்டது. தேடல் பக்கத்தின் உச்சியில் நிறுவனங்களின் பெயரில் போலி விளம்பரம் வருகிறது, விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே சொன்னது. இங்கே பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

மாற்று வழிகள்

குரோமிலேயே இருக்க விரும்புபவர்களுக்கு ‘யுபிளாக் ஆரிஜின் லைட்’ இருக்கிறது. புதிய விதிக்குள் அடங்கி அதே ஹில் எழுதியது. சாதாரணத் தளங்களில் வித்தியாசம் அதிகம் தெரியாது. முழுத் தடுப்பானே வேண்டும் என்றால் ஃபயர்ஃபாக்ஸ்தான். அது பழைய முறையைக் கைவிடவில்லை, ஆண்ட்ராய்டு போனிலும் யுபிளாக்கை ஏற்கிறது. (ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் கொடுப்பது என்பது வேறு விஷயம்.) பிரேவ் பிரவுசரில் தடுப்பான் உள்ளேயே இருப்பதால் எக்ஸ்டென்ஷன் விதி அதைத் தொடாது.

தமிழ்நாட்டில் இருந்தே ஒரு மாற்று வந்திருக்கிறது. ஸோஹோ 2023 மே மாதம் வெளியிட்ட ‘உலா’ பிரவுசரிலும் விளம்பரத் தடுப்பு உள்ளேயே உண்டு. மத்திய அரசின் இந்தியப் பிரவுசர் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசாக 1 கோடி ரூபாய் பெற்றது. ஆனாலும் பிரேவ், உலா இரண்டுக்கும் அடித்தளம் குரோமியம். அந்தக் குறியீட்டில் பெரும்பகுதியை எழுதுவது கூகுள்தான். வாடகை வீட்டில் சொந்தப் பூட்டு போட்ட மாதிரி.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ‘விளம்பரமில்லா யூடியூப்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பை ஏற்றுவது, திருடனுக்குப் பயந்து வேறொரு திருடனிடம் சாவி கொடுக்கிற கதை.

நாளிதழ்களின் இணையப் பதிப்புகளும் பெரும்பாலும் விளம்பரத்தில்தான் ஓடுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். தடுப்பான் போட்டவர் போலிப் பொத்தானை மட்டும் தடுப்பதில்லை, உள்ளூர் ஜவுளிக்கடை விளம்பரத்தையும் சேர்த்தே தடுக்கிறார். நம்பும் தளங்களுக்கு மட்டும் தடுப்பை அணைத்து வைக்க யுபிளாக்கில் வழி உண்டு. அந்தத் தளத்தைத் திறந்து, தடுப்பானின் படத்தை அழுத்தினால் வரும் பெரிய பவர் பொத்தான் அதற்குத்தான்.