இரக்கம் போதாது, வேலை வேண்டும்

2014 ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, நாடெங்கிலுமிருந்து உதவிக்கரங்கள் நீண்டன. அவ்விரக்கத்தை மலையகம் மறவாது. ஆயினும், இரக்கம் சில வாரங்களே நிலைக்கும். வேலையன்றோ வாழ்நாள் முழுதும் காக்கும்!

தோட்டமோ கொழுந்தின் நிறையைக் கொண்டே ஆளை மதிக்கும் இடம். குறித்த கிலோ பறிக்காதவருக்கு அரைப்பேர்தான். கண்ணோ காதோ காலோ குன்றிய நம் மாணவர் படிப்பை முடித்தபின் செல்லுமிடம் யாது? லயத்துத் திண்ணைதானா?

அரசாங்க உத்தியோகங்களில் 100க்கு 3 இடம் இவர்களுக்கென்று 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறுகிறது. எந்த வேலைக்கும் ஆட்சேர்ப்பதில் பாகுபாடு கூடாதென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதிக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? சிறு கடைகளை அந்த ஒதுக்கீடு கட்டுப்படுத்தாது. மனச்சான்று கட்டுப்படுத்த வேண்டும்.

பதுளையிலும் பண்டாரவளையிலும் கடையும் அச்சகமும் நடத்தும் முதலாளிமாரே, வெலிமடையில் உருளைக்கிழங்கு பயிரிடும் விவசாயிகளே, உங்களைக் கேட்கிறோம். நடக்க இயலாதவர் கணக்கெழுத மாட்டாரா? காது கேளாதவர் அச்சுக் கோர்க்கவும் கிழங்கைத் தரம் பிரிக்கவும் மாட்டாரா? நட்டம் வருமென்று அஞ்சுவோர் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும்: வாசற்படியருகே ஒரு சாய்தளம்; தொழில் பழக்கச் சில வாரப் பொறுமை. இவ்வளவே!

பிச்சையாக அன்று, உழைப்பின் விலையாக முழுக்கூலி கொடுங்கள். அரைப்பேரன்று, முழுப்பேர் போடுங்கள். நாம் கோருவது சலுகையன்று, நீதி.