ஏட்டுச் சுரைக்காயும் வக்கீல் படிப்பும்

நோயாளியின் நாடியை ஒரு நாளும் தொட்டறியாதவர் டாக்டர் பட்டத்துடன் நம் தெருவில் பலகை மாட்டுவாராயின், நம் குழந்தையை அவரிடம் கொண்டுபோக மாட்டோம். ஆனால் கட்சிக்காரர் ஒருவருடன் ஒரு நாளும் பேசியறியாத இளைஞர் சன்னது பெற்று வக்கீலாக வெளிவருவதை நாம் விந்தையாகக் கருதுவதில்லை. இக் குறையைப் போக்கவே வைத்தியசாலையிலிருந்து 'கிளினிக்' என்னும் சொல்லைச் சட்டக் கலாசாலைகள் கடன் வாங்கின.

1870-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு சட்டக் கலாசாலையின் தலைமையை ஏற்ற லாங்டெல் என்பவர், ரசாயன சாஸ்திரிக்குச் சோதனைச்சாலை எப்படியோ அப்படியே சட்ட மாணாக்கனுக்குப் புத்தகசாலை என்று கருதினார். அப்பீல் கோர்ட்டுத் தீர்ப்புகளைப் படித்து அலசுவதே கல்வியாயிற்று. பிற்காலத்தில் நீதிபதியான ஜெரோம் பிராங்க், 1933-ல் இம் முறையைக் கண்டித்து எழுதினார். பஞ்சடைத்த நாய்களை மாத்திரம் பார்த்து நாய் வளர்க்கப் பயில்பவர்களுக்கு அம் மாணாக்கரை அவர் ஒப்பிட்டார். யோசனை பலிக்கப் பணமும் விதியும் தேவைப்பட்டன. 1968 முதல் போர்டு தர்ம ஸ்தாபனம் பணம் உதவிற்று. 1969-ல் அமெரிக்க வக்கீல்கள் சங்கம், மேற்பார்வையின் கீழ் மாணாக்கர் கோர்ட்டில் ஆஜராவதற்கு ஒரு மாதிரி விதியை வகுத்தது.

கிளினிக்கில் அப்படி என்னதான் கற்கலாம்? எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருத்தி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். இப்பொழுது ஒரு வேளைச் சோற்றுக்கும் வழியில்லை. 2007-ம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு மாணாக்கனுக்கு மனப்பாடம். அறுபது வயதான ஒருவர், அச் சட்டம் வந்த பிறகு, தம்மைப் பேணவேண்டும் என்ற நிபந்தனையின்மீது சொத்தை எழுதிக் கொடுத்திருந்து, பெற்றுக்கொண்டவர் பேணத் தவறினால், அந்தப் பத்திரம் செல்லாதெனத் தீர்ப்பாயம் அறிவிக்கலாம். ஆகவே, ரிஜிஸ்தர் ஆன வருஷம் எது, அப்பொழுது வயது என்ன, நிபந்தனை பத்திரத்தில் உள்ளதா, வாய்ப்பேச்சா என்று அவன் கேட்டறிய வேண்டும். பாட்டியோ எதற்கும் நேராக விடை சொல்ல மாட்டாள். மருமகள் காப்பித் தம்ளரைப் பிடுங்கியதையும், காலஞ்சென்ற கணவர் அந்த வீட்டில் கிணறு வெட்டியதையும் சொல்லி அழுவாள். அந்த அழுகையினூடே தேதியைப் பொறுமையுடன் பொறுக்கி எடுப்பதும், பெற்ற பிள்ளைமீது மனுக் கொடுக்க அவளுக்கு மெய்யாகவே மனம் உண்டா, யாரேனும் போய்ப் புத்தி சொன்னால் போதுமா என்று கண்டறிவதும் எந்தத் தீர்ப்புத் திரட்டிலும் இல்லாத பாடங்கள்.

உபாத்தியாயர்களாகிய நாங்கள் இதை எளிதில் உணர்வோம். பயிற்சிக் கலாசாலையில், கடைசிப் பெஞ்சியில் பேராசிரியர் அமர்ந்து குறிப்பெழுத, மெய்யான பையன்களுக்கு முன் நடுங்கிக்கொண்டே பாடம் நடத்திய பிறகுதான் எங்களிடம் ஒரு வகுப்பை ஒப்படைக்கிறார்கள்.

நம் தேசத்தில் நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. 1973-ல் வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் இயங்கிய குழு, ஏழைகளுக்குச் சட்ட உதவி அளிப்பதில் மாணாக்கரையும் ஈடுபடுத்தச் சொல்லிற்று. இலவசச் சட்ட உதவி ராஜ்யத்தின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்திலேயே 39-ஏ பிரிவு சேர்ந்தது. 1997-ல் இந்திய வக்கீல் கவுன்ஸில் 4 அநுபவப் பாடங்களைக் கட்டாயமாக்கிற்று. அவற்றுள் ஒன்று ஏழைகளுக்கான சட்ட உதவியைப் பற்றியது. 2008-ம் வருஷத்து விதிகளிலோ அந்த இடத்தில் சமரசத் தீர்வு முறைகள் பற்றிய பாடம் அமர்ந்துகொண்டது. ஒவ்வொரு கலாசாலையும் சட்ட உதவிக் கிளினிக் நடத்த வேண்டும் என்ற விதி மட்டும் தனியே நிற்கிறது. கட்சிக்காரரை வக்கீல் விசாரிப்பதை இரண்டு தடவை கவனித்து டைரியில் எழுதினால் மார்க்கு உண்டு என்று 1997-ல் ஏற்பாடாயிற்று. கவனிப்பதற்கு மார்க்கு கொடுத்தவர்கள், மாணாக்கனே விசாரிக்கட்டும் என்று சொல்லத் துணியவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. 1961-ம் வருஷத்து அட்வகேட் சட்டத்தின்படி, சன்னது பெறாதவர் வழக்காட முடியாது. ஆகவே மாணாக்கனுக்குத் தடை. முழு நேரச் சம்பளம் பெறும் சட்டப் பேராசிரியரும் வக்கீல் தொழில் நடத்தலாகாது; தொழில் நடத்தும் வக்கீலோ நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் கற்பிக்கலாகாது. நீந்தக் கற்பிப்பவரும் கற்பவனும் குளத்தில் இறங்கலாகாது என்றால், படிக்கட்டில் உட்கார்ந்து டைரி எழுதுவதைத் தவிர வேறென்ன செய்வது?

இத்தனைக்கும் அதே சட்டத்தின் 32-வது பிரிவு, குறிப்பிட்ட ஒரு வழக்கில் வக்கீல் அல்லாதவர் ஆஜராகவும் கோர்ட்டார் அநுமதிக்கலாம் என்கிறது. வக்கீல் கவுன்ஸில் பேராசிரியர்கள்மீதுள்ள தடையைக் கிளினிக் வழக்குகளுக்கு மட்டுமாவது தளர்த்தலாம். அப்படிப்பட்ட பேராசிரியர் பக்கத்தில் நிற்க, ஜாமீன் மனு, ஜீவனாம்ச மனு போன்ற சிறு காரியங்களில் கடைசி வருஷ மாணாக்கருக்கு அநுமதியளிக்க ஹைகோர்ட்டுகள் முன்வரலாம். இவ்விரண்டுக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.