கிணற்று நீர் சாட்சி சொல்லுமா?



கிணற்றிலிருந்து ஓர் உடலை மேலே தூக்குகிறார்கள். சுற்றி நிற்பவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: "தண்ணீரில் மூழ்கித்தான் உயிர் போயிருக்கிறது." கைப்பிடிச் சுவர் இல்லாத ஆழமான கிணறுகளும், பாறைகளுக்கிடையே சுழித்தோடும் ஒகேனக்கல் காவிரியும் உள்ள நம் தருமபுரி மாவட்டத்தில் இத்தகைய செய்தி புதியதன்று. ஆனால், நீரில் கிடைத்த உடலும் நீரில் மூழ்கி இறந்தவரின் உடலும் ஒன்றுதானா? அவர் கால் தவறி விழுந்திருக்கலாம். தானே குதித்திருக்கலாம். கிணற்று மேட்டில் மாரடைப்பு வந்து சரிந்திருக்கலாம். வேறெங்கோ கொல்லப்பட்டு, கொண்டுவந்து போடப்பட்டும் இருக்கலாம். இந்த நான்கில் எது உண்மை என்பதைப் பொறுத்தே ஒருவர் சிறைக்குப் போவதும் போகாததும் அமைகிறது.

"இரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கேட்டு, விடையும் கண்டுவிட்டதாக அறிஞர்கள் நம்பினார்கள்.

1921-இல் நியூயார்க் நகரின் நச்சு வேதியியல் அறிஞர் அலெக்சாண்டர் கெட்லர் ஒரு சோதனை முறையை வெளியிட்டார். அதன் அடிப்படை, நீங்கள் வகுப்பில் படிக்கும் சவ்வூடு பரவல்தான். நம் இரத்தம் ஏறத்தாழ 0.9 விழுக்காடு உப்புக் கரைசலுக்குச் சமம். கடல்நீரில் உப்பு 3.5 விழுக்காடு, ஆற்று நீரில் மிகச் சொற்பம். நுரையீரலின் காற்றறைகளுக்கும் இரத்தக் குழாய்களுக்கும் நடுவேயுள்ள சுவரோ மிக மெல்லியது. ஆற்று நீர் காற்றறைகளில் புகுந்தால், செறிவு மிகுந்த இரத்தத்தை நோக்கி நீர் பாயும், இரத்தம் நீர்த்துப்போகும். கடல்நீர் புகுந்தால் இரத்தத்திலுள்ள நீர் வெளியே இழுக்கப்படும். உப்பு உள்ளே வரும்.

நுரையீரலிலிருந்து திரும்பும் இரத்தம் முதலில் வந்து சேருமிடம் இதயத்தின் இடப்பக்கம். எனவே இதயத்தின் இரு பக்கத்து இரத்தத்திலும் குளோரைடை அளந்து ஒப்பிட வேண்டும் என்றார் கெட்லர். இடப்பக்கத்தில் குறைந்திருந்தால் நன்னீரில் மூழ்கியவர். மிகுந்திருந்தால் கடல்நீரில் மூழ்கியவர். 100 மில்லிலிட்டருக்கு 25 மில்லிகிராம் வேறுபாடு இருந்தால் அது மூழ்கி இறந்ததற்கு அடையாளம் என்று கொள்ளப்பட்டது. 1947-இல் டெக்சாசில் சுவான் குழுவினர் நாய்களை வைத்துச் செய்த சோதனைகளிலும், நீரில் மூழ்கும்போது இரத்தத்தின் வேதிச் சமநிலை பெரிதும் மாறுவது தெரியவந்தது.

கருத்து அழகானது, கணக்கும் எளியது. ஆனால் அழகாக இருப்பதனாலேயே ஒரு கருத்து உண்மையாகிவிடுமா?

1969-இல் ஃபுளோரிடாவைச் சேர்ந்த மோடல், டேவிஸ் என்னும் மருத்துவர்கள் நாய்களை விட்டுவிட்டு, உண்மையிலேயே நீரில் மூழ்கி இறந்த மனிதர்களின் இரத்தத்தை ஆராய்ந்தனர். அவர்களுள் சுமார் 85 விழுக்காட்டினர், உடல் எடையில் கிலோவுக்கு 22 மில்லிலிட்டருக்கு மேல் நீரை நுரையீரலுக்குள் இழுக்கவில்லை என்று கணித்தனர். 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 1,100 மில்லிலிட்டர். உயிருக்கு ஆபத்தான அளவில் இரத்தத்தின் உப்புகளை மாற்றுவதற்கு இந்த அளவு போதாது. மூழ்குபவரைக் கொல்வது பெரும்பாலும் உப்பின் மாற்றமன்று, ஆக்சிஜன் கிடைக்காமையே. ஆகவே, மூழ்கி இறந்தவரின் இரத்தத்தில் கெட்லர் சொன்ன வேறுபாடு இல்லாமலே போகலாம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். மூச்சு நின்ற பிறகும் உடலுக்குள் விரவுதல் நிற்பதில்லை. தண்ணீரில் விட்ட மைத்துளி கலக்காமலே பரவுவதுபோல, உப்புகளும் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவிக்கொண்டேயிருக்கும். உடல் சிதையத் தொடங்கினால், செல்களுக்குள் இருந்தவை வெளியேறி அளவுகளை மேலும் குழப்பும். சித்திரை வெயிலில் இது விரைவாகவே நடக்கும். எனவே மூழ்காதவரின் இரத்தத்திலும் இரு பக்கங்களுக்கிடையே வேறுபாடு தோன்றலாம். மூழ்கியவரிடம் இல்லாமலும் மூழ்காதவரிடம் தோன்றியும் நம்மை ஏமாற்றும் ஓர் எண்ணை நம்பி எப்படித் தீர்ப்புச் சொல்வது?

சரி, இரத்தம் கைவிட்டால் நுரையீரல் சொல்லாதா? மூழ்கி இறந்தவரின் வாயிலும் மூக்கிலும் வெண்மையான நுண்ணிய நுரை காணப்படுவதுண்டு. நுரையீரல்கள் உப்பிப் பெருத்திருப்பதும் உண்டு. இவை மதிப்புள்ள அடையாளங்களே. ஆனால் இதயம் செயலிழந்து நுரையீரலில் நீர் கோத்தாலும் நுரை தோன்றும். வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்துகளில் சிலவற்றை உட்கொண்டு இறந்தவர்க்கும் நுரை தள்ளும். அதனால்தான் கிணற்றில் கிடைத்த உடலானாலும், உள்ளுறுப்புகளை நச்சு ஆய்வுக்கு அனுப்புவது இன்றியமையாததாகிறது.

நுரையீரலில் நீர் இருப்பதும் முடிவான சான்றன்று. இங்கே இயற்பியலைக் கொஞ்சம் துணைக்கு அழைப்போம். 10 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் மட்டுமே ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். மேலேயுள்ள காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் மொத்தம் இரண்டு. பாயில் விதிப்படி, அங்கே அமிழ்ந்த உடலில் எஞ்சியிருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். அது விட்ட இடத்தைப் பிடிக்க, உயிரற்ற உடலின் மூச்சுக்குழல் வழியாகவும் நீர் உள்ளே செல்லக்கூடும்.

அப்படியானால் உயிரோடு இருந்தபோது நுழைந்த நீரை எப்படி அறிவது? இதயம் துடித்தால்தான் இரத்தம் ஓடும் என்ற உண்மையைப் பயன்படுத்தும் ஒரு சோதனை உண்டு. ஆறு, குளம், கிணறுகளில் டயாட்டம் என்னும் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. அவற்றின் ஓடு சிலிக்காவால் ஆனது. அமிலத்திலும் எளிதில் அழியாது. மூழ்குபவர் இழுக்கும் நீரோடு இவை நுரையீரலுக்குள் சென்று, இரத்தத்தில் கலந்து, துடிக்கும் இதயத்தால் எலும்பு மச்சை வரை தள்ளப்படலாம். மச்சையை அமிலத்தில் கரைத்து, எஞ்சியதை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அங்கே காணும் டயாட்டங்களின் வகைகள், உடல் கிடந்த நீரிலுள்ள வகைகளோடு ஒத்துப்போனால் அது வலுவான சான்று.

இதற்கும் எல்லை உண்டு. குடிநீர், உணவு வழியாகவும் டயாட்டங்கள் உடலில் சேரலாம். டயாட்டமே இல்லாத நீரில் மூழ்கியவரிடம் அவை கிடைக்கமாட்டா. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பிடுவதற்கு அந்தக் கிணற்றின் நீர் வேண்டும். கிணற்றுக்குக் கிணறு நீர் வேறுபடும் என்பதை நம் மாவட்டத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்ததால் பற்கள் கறைபட்ட ஊர்களுக்காகத்தானே, 2013-இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் திட்டத்தின் வழியாகக் காவிரி நீரைக் கொண்டுவர வேண்டியிருந்தது!

நான் மருத்துவன் அல்லன், இயற்பியல் கற்பிப்பவன். ஆயினும் அளவீடு பற்றிப் பேசுவதற்கு எனக்கும் உரிமையுண்டு என்று கருதுகிறேன். என் கருத்து இதுதான்: "மூழ்கி இறந்தார்" என்பது ஒற்றை எண்ணைக் கொண்டு சொல்லக்கூடிய விடையன்று. பிரேதப் பரிசோதனை, நச்சு ஆய்வு, டயாட்டம் சோதனை, கிணற்று மேட்டில் கிடைத்த தடயங்கள், கடைசியாகப் பார்த்தவர்களின் சொற்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்து வைத்து, மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கியே அந்த விடைக்கு வரவேண்டும்.

ஆகவே உடலை விரைவாகப் பரிசோதனைக்கு அனுப்புவதும், தூக்கும்போதே சுத்தமான புட்டியில் அதே நீரை எடுத்து முத்திரையிட்டு உடன் அனுப்புவதும் எங்கும் மாறாத வழக்கமாக வேண்டும். பெரிய செலவில்லாத காரியம் இது. "உறுதியாகச் சொல்ல இயலவில்லை" என்று ஒரு மருத்துவர் எழுதினால், அதைத் திறமைக் குறைவென்று ஏசாமல், நேர்மையான விடையாக மதிக்க வேண்டும். திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலையாலோ ஐயத்துக்கிடமாகவோ இறந்தால், உடலைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமென்று சட்டம் தனியாகவே கூறுகிறது. அவசர முடிவால் குற்றவாளி தப்பவும் கூடாது. குற்றமற்றவர் தண்டனை பெறவும் கூடாது.

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் துணையுடன், கிணற்று நீரிலும் காவிரி நீரிலும் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சில துளிகள் விட்டுப் பாருங்கள். குளோரைடு எதில் மிகுதியோ, அதில் வெண்மை கூடுதலாகத் தோன்றும். பார்த்துவிட்டு, எந்தச் சோதனையைக் கண்டாலும் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள்: "இருக்கும்போது இல்லையென்று இது சொல்லுமா? இல்லாதபோது இருப்பதாகச் சொல்லுமா?" கெட்லரின் முறையைப் பாடநூலிலிருந்து இறக்கியவை இந்த இரண்டு கேள்விகள்தாம்.