உறையில் யார் பெயரை எழுதுவது?



உறையில் போட்டு, முத்திரை ஒட்டித் தபாலில் சேர்க்கத்தான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்து உறையைக் கையில் எடுத்த பிறகுதான் பேனா நின்றது. பெறுநர் யார்?

என் மகள் படிக்கும் பாடசாலை மாகாணத்துக்குச் சொந்தம். மாகாணக் கல்வி அமைச்சருக்கு எழுதலாம் என்றால், அப்படி ஒருவர் இல்லை. 2013 செப்டெம்பரில் நாங்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பிறகு தேர்தல் வைக்கவில்லை. ஆளுநர் இருக்கிறார், செயலாளர்கள் இருக்கிறார்கள், வாக்குக் கேட்டு எங்கள் தோட்டத்து லயத்துக்கு வரவேண்டிய ஒருவர்தான் இல்லை. தமிழ்க் கல்விக்கென்றே இந்த மாகாணத்தில் தனி அமைச்சு இருந்த காலமும் உண்டு. அதனால் என்ன கிடைத்தது என்பது வேறு கதை. கதவைத் தட்டுவதற்காவது ஒரு கதவு இருந்தது.

அவளைச் சேர்க்க நான் ஆசைப்பட்ட பாடசாலையோ தேசிய பாடசாலை. அது கண்டியில் நிற்கிறது, ஆனால் கொழும்பு அமைச்சின் கீழ். மாகாணப் பாடசாலையைப் பற்றிக் கொழும்பில் கேட்டால் மாகாணத்திடம் போகச் சொல்வார்கள், தேசிய பாடசாலையைப் பற்றி வலயப் பணிமனையில் கேட்டால் கொழும்பைக் காட்டுவார்கள். என் முறைப்பாடு இரண்டுக்கும் நடுவே நடந்ததைப் பற்றியது. ஆகவே உறையை வைத்துவிட்டேன். தனக்குரியது என்று படுகிறவர் எடுத்துப் படியுங்கள்.

கண்டி நகருக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். கீழே டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. இரவில் எங்கள் வாசலில் நின்றால் பஹிரவகந்தைப் புத்தர் சிலை வெளிச்சத்தில் தெரியும். இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டம் 1867இல் எழுந்த லூல்கந்துரவும் இதே மாவட்டத்தில்தான். பரம்பரைப் பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நகரத்தின் தலைக்கு மேலேயே இருக்கிறோம், நேற்று வந்து குந்தியவர்கள் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

மகளுக்கு ஐந்து வயது முடிந்த வருடம், தரம் ஒன்றுக்கான சுற்றுநிருபத்தை வாங்கி மூன்று தடவை படித்தேன். பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கு நூற்றுக்கு 50 இடம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிப்பவரின் சகோதரருக்கு 15, மீதி கல்வித்துறையினர், இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் என்று பிரிந்து போகிறது. பழைய மாணவர் வழி எனக்கு அடைபட்டது. எங்கள் வீட்டில் யாரும் அங்கே படிக்கவில்லை. என் அம்மா படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், அதுவும் மூன்றாம் வகுப்பு வரை. ஆகவே அண்மை வசிப்பு ஒன்றுதான் வழி. சொந்த வீட்டு உறுதி வைத்திருப்பவருக்குத்தான் அதிகப் புள்ளி என்பதையும் பார்த்தேன். லயக் காம்பராவுக்கு உறுதி ஏது? இருந்தாலும் தூரத்தில் பிடித்துவிடலாம் என்று நம்பினேன். மேலிருந்து பார்த்தால் அந்தப் பாடசாலையின் கூரையே தெரிகிறதே!

நேர்முகப் பரீட்சை அன்று மேசையில் ஒரு வரைபடம் விரித்திருந்தது. எங்கள் லயத்தின் மேல் கவராயத்தின் முள்ளைக் குத்தி, விண்ணப்பித்த பாடசாலை வரை பென்சிலை நீட்டி, ஒரு சுற்றுச் சுற்றினார்கள். விதி இதுதான். அந்த வட்டத்துக்குள் பிள்ளை சேரக்கூடிய, ஆரம்பப் பிரிவுள்ள அரச பாடசாலைகள் எத்தனை விழுகின்றனவோ, ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். கிட்டவே பாடசாலை இருக்கும்போது ஏன் தூரத்துக்கு வருகிறாய் என்பது அதன் நியாயம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது.

எங்கள் வட்டத்துக்குள் மூன்று விழுந்தன. ஒன்று எங்கள் தோட்டத்துப் பாடசாலை, தரம் ஐந்தோடு முடிவது. இரண்டாவது பக்கத்துத் தோட்டத்தில், அதுவும் அப்படியே. மூன்றாவது மலைக்கு அந்தப் பக்கம். வரைபடத்தில் அது ஒரு விரற்கடை தூரம். காலால் போவதென்றால் இடையில் காடும் பாறையும். பஸ்ஸில் போவதென்றால் டவுனுக்கு இறங்கி, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் வேறு பஸ் ஏறி, மறுபடி மலை ஏற வேண்டும். அப்படி இறங்கும் வழியில்தான் நான் விண்ணப்பித்த பாடசாலையின் வாசல் இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டிய பாடசாலையை 'அதைவிடக் கிட்ட' என்று எழுதிக்கொண்டார்கள். கவராயத்துக்கு மலை தெரியாது. மேசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியும், அவர்களும் கண்டிக்காரர்தான். விதியை மாற்ற அவர்களுக்கு அதிகாரமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றுக்கும் புள்ளி கழிந்தது. தற்காலிகப் பட்டியலில் பெயர் இல்லை. மேன்முறையீடு செய்தேன். அதிலும் இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "இஸ்கூலு பக்கத்துல இருக்கிறதுதான் குத்தமாப் போச்சா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இத்தனை பக்கமும் எழுதுகிறேன். அந்தப் 'பக்கத்து இஸ்கூலு' எப்படிப்பட்டது என்று கேளுங்கள். மகள் இப்போது அங்கேதான் படிக்கிறாள். ஐந்து தரங்களுக்கு இரண்டு ஆசிரியர்கள், அதிபரையும் சேர்த்து. ஒரே மண்டபத்தில் ஒரு ரீச்சர் முதலாம், இரண்டாம், மூன்றாம் தரங்களை வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு எழுத்து, மறுபக்கத்துக்குக் கணக்கு, நடுவில் இருப்பவர்களுக்குப் படம் கீறும் வேலை என்று பொழுதைத் தள்ளுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2015 அளவில் தோட்டப் பாடசாலைகளுக்கென்று ஆசிரியர் உதவியாளர்களை எடுத்தார்களே, மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில், அந்தக் கூட்டத்தில் வந்தவர். தோட்டத்துப் பிள்ளையாய்ப் பிறந்து, அந்தக் காசில் பஸ்ஸுக்கும் கொடுத்து, பயிற்சியும் முடித்து நிற்கிறார். அவர் லீவு போட்டால் மூன்று தரங்களும் வெயிலில் நிற்கும்.

புள்ளி கழிக்கும் நாளில் இது முழுப் பாடசாலை. ஆசிரியர் கேட்கும் நாளில் பிள்ளைகள் தொகை போதாத சின்னப் பாடசாலை. இரண்டையும் செய்வது ஒரே அரசாங்கம்.

கட்டமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் பாடசாலைகளை மாகாணங்களிடம் கொடுத்தது, தேசிய பாடசாலைகளை மட்டும் மத்திய அமைச்சு தன்னிடம் வைத்துக்கொண்டது. நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகள், அவற்றில் தேசிய பாடசாலைகள் நானூறு அளவில். கண்டி நகரத்தில் எந்தச் சந்தியில் நின்றாலும் அந்த நானூறில் ஒன்றின் மதில் கண்ணில் படும். மீதியெல்லாம் மாகாணத் திணைக்களம், அதன் கீழ் வலயம், வலயத்தின் கீழ் கோட்டம் என்று இறங்கும். கண்டி மாவட்டத்தில் கண்டி, கட்டுகஸ்தோட்டை, தெனுவர, கம்பளை, வத்தேகம, தெல்தெனிய என ஆறு வலயங்கள். இது போதாதென்று பாடசாலைக்கே ஒரு சாதி உண்டு. விஞ்ஞானம் உட்பட உயர்தரம் உள்ளது 1ஏபி, கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது 1சி, சாதாரண தரத்தோடு நிற்பது இரண்டாம் வகை, ஐந்தோடோ எட்டோடோ நிற்பது மூன்றாம் வகை. எங்கள் மலையில் ஏறிப் பார்த்தால் மூன்றாம் வகையாகவே கிடக்கும்.

எங்கள் பாடசாலை ஏன் ஐந்தாம் தரத்தோடு நிற்கிறது என்று ஒருநாள் யோசித்தேன். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பிக்க ஏற்பாடு செய்வது துரையின் கடமை என்றது. பத்து வயதுக்கு மேல் பிள்ளை கொழுந்துக்குப் போகும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் தோட்டத்தின் கையிலேயே விடப்பட்டன. 1948இல் குடியுரிமையும் போனது, கேட்பதற்கு நாடாளுமன்றத்தில் ஆளும் குறைந்தது. 1970களில் தொடங்கித்தான் அரசாங்கம் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்றது. துரை போனார், அதிபர் வந்தார், தகரம் போய் ஓடு வந்தது. சீருடையும் பாடப்புத்தகமும் இலவசமாக வருகின்றன, அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் என் மகள் ஐந்தாம் தரம் முடிக்கும்போது அவளுக்கு வயது பத்து. நூறு வருடத்துக்கு முன்னால் துரைமாருக்காகப் போட்ட கோடு போட்ட இடத்திலேயே இருக்கிறது.

அந்தக் கோட்டைத் தாண்டினால் அடுத்த சிக்கல், வலய எல்லை. எங்கள் தோட்டத்தின் மேல் டிவிஷன் ஒரு வலயத்தில், கீழ் டிவிஷன் இன்னொன்றில். தோட்டம் மலையின் போக்கில் வளர்ந்தது, வலயத்தைக் கோப்பின் போக்கில் வகுத்தார்கள். தரம் ஆறுக்கு எங்கள் பிள்ளைகள் போய்ச்சேரும் தமிழ்மொழிப் பாடசாலை பக்கத்து வலயத்தில் இருக்கிறது. அங்கே மேசை கதிரை போதவில்லை என்றால், எங்கள் வலயத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு இல்லை என்கிறார்கள். இங்கே வந்து கேட்டால், பிள்ளை எங்கள் பதிவில் இல்லையே என்கிறார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்கு நகரத்துப் பாடசாலை கிடைக்கும். அப்படி எங்கள் லயத்திலிருந்து இறங்கியவர்களை விரல் விட்டு எண்ணலாம். மூன்று தரத்தை ஒரே ரீச்சரிடம் படித்த பிள்ளை, ஐந்தாம் தரத்தில் டவுன் டியூஷனோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

2021 அளவில் ஆயிரம் தேசிய பாடசாலைகள் என்று ஒரு திட்டம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது எங்கள் கடைக்கு, இப்படிப் பெயர் மாறிய ஒரு பாடசாலையிலிருந்து பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் வாங்க வந்தார்கள். நல்ல பெயின்ட்தான் கொடுத்தேன், இன்னும் உரியவில்லை.

மேன்முறையீட்டுக்கு எனக்கு ஒரு பதில் வந்தது. முழுவதும் சிங்களத்தில். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. கடையில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் வாசித்துச் சொன்னார், தேநீர் வாங்கிக் கொடுத்தேன். பாடசாலைகளை மாகாணத்திடம் கொடுத்த அதே 13ஆவது திருத்தம்தான் தமிழையும் அரச கரும மொழி என்று எழுதியது. இரண்டும் ஒரே நாளில் ஒரே தாளில் வந்தவை. ஒன்று வேலை செய்யும் அளவுக்காவது மற்றதும் வேலை செய்யக்கூடாதா?

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. தரத்துக்கு ஓர் ஆசிரியர் இல்லாத பாடசாலையை அந்த வட்டத்துக்குள் எண்ணாதீர்கள். எண்ணத்தான் வேண்டுமென்றால், முதலில் ஆசிரியரை அனுப்பிவிட்டு எண்ணுங்கள். மலைநாட்டில் நேர்கோட்டை விட்டுவிட்டு நடக்கும் வழியை அளவிடுங்கள், அதற்கு ஒரு பஸ் கண்டக்டரைக் கேட்டாலே போதும். வலயம்தோறும் தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கு எத்தனை ஆசிரியர் அனுமதிக்கப்பட்டிருக்கிறார்கள், எத்தனை பேர் உண்மையில் இருக்கிறார்கள் என்று வருடத்துக்கு ஒருமுறை தமிழில் ஒட்டுங்கள். பணிமனைச் சுவரில் ஒட்டினாலே போதும், வந்து பார்த்துக்கொள்கிறோம். ஐந்தாம் தரத்தில் முடியும் ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும், ஆறாம் தரத்துக்கு இன்ன பாடசாலை என்று எழுத்தில் கொடுங்கள். அது எந்த வலயத்தில் இருந்தாலும் சரி, கதிரை பிள்ளையின் பின்னால் போகட்டும். மாகாண சபைத் தேர்தலைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. அடுத்த முறை எழுதும்போது உறையில் போட ஒரு பெயர் வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்.

எனக்கு ஒரு மகனும் இருக்கிறான். வருகிற வருடம் அவனுக்கு ஐந்து முடிகிறது. அந்தக் கவராயத்தை மறுபடி எங்கள் லயத்தின் மேல் குத்துவதற்கு முன்னால் ஒருமுறை வந்து பாருங்கள். வருகிறவர்களுக்கு வழி காட்ட நானே கீழே இறங்கி வந்து நிற்கிறேன்.

பதில் அனுப்புவதானால் தோட்டத்து விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம். எங்கள் லயங்களுக்குத் தனித்தனி இலக்கம் இல்லை, எல்லாக் கடிதமும் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அங்கிருந்து எப்போது கைக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நேர்முகப் பரீட்சைக் கடிதமே முதல் நாள் மாலையில்தான் கிடைத்தது. கடை முதலாளியிடம் கேட்டுவிட்டேன், கடை விலாசத்தைக் கொடுக்கச் சம்மதித்தார். இந்த மடலை வெளியிடுபவர்களிடம் அது இருக்கிறது. தமிழில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கண்டி மலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தகப்பன்