மணமேடையில் விடுதலை, வாயிலில் கடன்!

1928-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில், பெரியார் தலைமையில், புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1967-இல் அண்ணாவின் ஆட்சி அத்தகைய மணங்களைச் சட்டமாக்கியது. மணமேடையிலிருந்து புரோகிதரை இறக்கினோம். வாயிலிலே மொய்க் கணக்கரை அமர்த்திவிட்டோமே!

வாழ்த்த வருகிறவர் முதலில் காண்பது மணமக்கள் முகத்தையா? இல்லை, கணக்கர் முகத்தை! பெயர், ஊர், தொகை மூன்றும் நோட்டில் ஏறுகின்றன. நாளை அவர் வீட்டு விழாவில் அத்தொகை திரும்ப வேண்டும். சற்றுக் கூடுதலாகவே திரும்ப வேண்டும். தவறினால் உறவே முறியும். இதற்குப் பெயர் அன்பளிப்பாம்!

"ஏழைக்கு மொய் வட்டியில்லாக் கைமாற்று அல்லவா?" என்பர். உண்மை. கூலி உழைப்பால் மகளை மணமுடிக்கும் தந்தைக்கு அந்த நோட்டுதான் பந்தலும் பந்தியும். அவரிடம் போய், "உமக்குத் தரவேண்டியதைப் பள்ளிக்குத் தந்துவிட்டேன்" என்பது பகுத்தறிவன்று. பிறர் முடையிலே தன் புகழ் தேடுவது. பரிசு வேண்டா என்று சொல்லும் உரிமை பெறுபவருக்கே உண்டு, தருபவருக்கு இல்லை.

ஆகவே நாம் கேட்பது வசதி படைத்தோரை. அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள்: "மொய் வேண்டா. மனமிருப்பின் ஊர் நூலகத்துக்கோ அரசுப் பள்ளிக்கோ தருக." வாயிலில் நோட்டு வேண்டா, பெட்டி போதும். ஒலிபெருக்கியில் தொகை முழங்க வேண்டா. வெறுங்கையோடு வந்தவரும் அதே பந்தியில் அமரட்டும். பணம் சேர்ந்ததும் ரசீது பெற்று, வந்தோர்க்குக் கணக்குக் காட்டுங்கள். கோயில் குழல்விளக்கிலே வெளிச்சத்தை மறைத்து "உபயம்" எழுதும் பித்து, பள்ளிச் சுவருக்கு இடம் மாறுவதா சீர்திருத்தம்?

இது நமக்குப் புதிய நெறியன்று. வாடிப்போகும் மாலை எதற்கு, அதற்குரிய பணத்தை இயக்கத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியவர் பெரியார். 2017-இல் மு.க. ஸ்டாலின், பொன்னாடைக்குப் பதில் நூல் தருமாறு தொண்டர்களைக் கேட்டார். சேர்ந்த நூல்கள் நூலகங்களுக்குச் சென்றன. அவற்றுக்கும் முன்னே விருதுநகரில் வீடுதோறும் எடுத்து வைத்த பிடியரிசி, காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலையைத் தாங்கியது. எந்தப் பிடி எவர் வீட்டுப் பிடி என்று அந்தப் பள்ளியின் செங்கல் சொல்லுமா? சொல்லாது. அதுவே கொடை!

ஆலங்குளத்து இளைஞரே! உங்கள் மண்ணின் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி, எங்கெங்கோ சுவராய் நிற்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளிச் சுவர் விரிசலோடு நிற்கலாமா? அடுத்த முகூர்த்தத்துக்கு அழைப்பிதழ் அச்சேறுமுன், வசதியுள்ள வீட்டின் கதவைத் தட்டுங்கள். மறுத்தால் மீண்டும் தட்டுங்கள். உங்கள் வீட்டிலே வசதி இருப்பின், முதல் தட்டு அங்கே விழட்டும்!